உரிமை கேட்டதற்காக வேலையை விட்டு நிறுத்தினால் எந்தக் கதவைத் தட்டுவது? செட்டிநாட்டுத் தொழிலாளிகளுக்கு ஒரு ஒப்பீடு

காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடை. சேலைப் பிரிவில் வேலை பார்க்கும் பெண்கள் சிலர் சேர்ந்து, கூட்டம் இல்லாத நேரத்தில் உட்கார ஸ்டூல் வேண்டும் என்று மேலாளரிடம் கேட்டார்கள். ஒன்றும் அதிகப்படியாகக் கேட்கவில்லை. 2021-லேயே தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியருக்கு இருக்கை வசதி செய்து தருவது கட்டாயம் என்று ஆக்கிவிட்டார்கள். ஸ்டூல் வரவில்லை. முன்னால் நின்று பேசிய பெண்ணை மட்டும் குடோனுக்கு மாற்றினார்கள். கொஞ்ச நாள் கழித்து, "வேறு ஊர் கிளைக்குப் போங்க, முடியாதுன்னா நீங்களே எழுதிக் கொடுத்துட்டுப் போயிருங்க" என்றார்கள்.

அந்தப் பெண்ணுக்கு ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். லேபர் ஆபீஸில் மனு கொடு என்றார் ஒருவர். வக்கீல் நோட்டீஸ் அனுப்பு என்றார் இன்னொருவர். பேசாமல் வர்றதை வாங்கிக்கொண்டு வேறு கடை பார் என்றார் சொந்த அண்ணன். மூன்றுமே தப்பான யோசனை இல்லை, ஆனால் மூன்றும் மூன்று வேறு நிலைமைகளுக்கானவை, எந்த நிலைமையில் எது என்று தெரியாமல் கையில் கிடைத்ததைப் பிடிக்கும்போதுதான் நம்மவர்கள் நாளையும் பணத்தையும் இழக்கிறார்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். வேலை போன பிறகு சட்டம் தருவது நிவாரணம், அது வருடக்கணக்கில் வரும். வேலை போவதற்கு முன்னால் சட்டம் தருவது பாதுகாப்பு, அது முதலாளியின் கையையே கட்டும். பாதுகாப்பு கிடைக்கும் காலம் குறுகியது, அதைத்தான் முக்கால்வாசிப் பேர் தவற விடுகிறார்கள். ஒவ்வொரு வழியையும் இதை மனதில் வைத்துத்தான் எடை போட வேண்டும்.

முதலில் சட்டத்தின் பெயர் பற்றி. 2025 நவம்பர் 21 முதல் தொழில் தகராறுகள் சட்டம் 1947, தொழிற்சங்கங்கள் சட்டம் 1926, நிலையாணைகள் சட்டம் 1946 மூன்றும் போய், அவற்றின் இடத்தில் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு 2020 வந்துவிட்டது. சங்கத்துக்காரர்கள் இன்னும் "2ஏ மனு" (நீக்கப்பட்ட தனி ஆள் தன் பெயரில் கொடுப்பது), "33 பெர்மிஷன்" (தகராறு நடக்கும்போது தொழிலாளியைத் தண்டிக்க நிர்வாகம் வாங்க வேண்டிய அனுமதி), "12(3) ஒப்பந்தம்" (சமரச அதிகாரி முன்னால் போடுவது) என்று 1947 சட்டத்தின் பிரிவு எண்களில்தான் பேசுவார்கள், நானும் அப்படியேதான் எழுதப் போகிறேன், ஏனென்றால் அந்த ஏற்பாடுகள் வேறு எண்களோடு புதிய தொகுப்பிலும் இருக்கின்றன. மனுவில் எந்த எண்ணைப் போடுவது என்பதைத் தாக்கல் செய்யும் அன்று தொழிலாளர் வழக்கு நடத்துபவரிடம் கேட்டுப் போடுங்கள். கடைச் சட்டம் மாநிலச் சட்டம், அது அப்படியே இருக்கிறது.

லேபர் ஆபீஸும் தொழிலாளர் நீதிமன்றமும்

வேலை நீக்கம் ஆகிவிட்ட தனி ஆளுக்கு இதுதான் பிரதான வழி. சங்கம் வேண்டாம், கூட யாரும் வேண்டாம், நீக்கப்பட்ட ஒரே ஒருவர் தன் பெயரில் தகராறு எழுப்பலாம். சமரச அதிகாரியிடம் மனு கொடுக்கிறோம், அவர் இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுகிறார், முடிவு வராவிட்டால் நீதிமன்றத்துக்குப் போகிறோம். பழைய சட்டத்தில் மனு கொடுத்து 45 நாள் ஆனதும் நேராக தொழிலாளர் நீதிமன்றம் போகலாம், நீக்கிய நாளிலிருந்து மூன்று வருட அவகாசம் இருந்தது. புதிய தொகுப்பில் இரண்டு வருடம் தாண்டினால் சமரச அதிகாரி அந்தத் தகராறை எடுக்க முடியாது, சமரசம் தோற்றது என்ற அறிக்கை வந்தபின் தீர்ப்பாயம் (புதிய தொகுப்பில் தொழிலாளர் நீதிமன்றத்தின் இடத்தில் வருவது) போக 90 நாள்தான். ஆகவே மூன்று வருடம் இருக்கிறதே என்று பழைய கணக்கில் யாராவது சொன்னால் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

இதில் நல்லது என்னவென்றால், நீதிமன்றக் கட்டணம் கிடையாது. எதிர்த் தரப்பு வக்கீல் வைக்க வேண்டுமென்றால் நம் சம்மதமும் நீதிமன்ற அனுமதியும் வேண்டும், சமரசப் பேச்சில் வக்கீலே கூடாது. அப்புறம் முக்கியமான ஒன்று, 1987-ம் வருட சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவில் இலவச சட்ட உதவிக்கு உரியவர்கள் பட்டியலில் பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோரோடு தொழில்துறைத் தொழிலாளியும் (industrial workman) இருக்கிறார். இவர்களுக்கு வருமான வரம்பு பார்ப்பதில்லை. தாலுகா அளவிலேயே நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் குழு இருக்கிறது, போய்க் கேட்கலாம். இது தெரியாமல் நகையை அடகு வைத்து வக்கீல் ஃபீஸ் கட்டியவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

கெட்டது, காலம். காரைக்குடிக்காரர்கள் வாய்தாவுக்கு வாய்தா திருப்பத்தூர், மேலூர் வழியாக மதுரைக்குப் பஸ் ஏற வேண்டும், ஏறக்குறைய 90 கிலோமீட்டர். ஒரு வாய்தா என்றால் ஒரு நாள் கூலி போச்சு. ஜெயித்தாலும் நிர்வாகம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போகும். அப்போது ஒரு ஆறுதல், வேலையில் திரும்பச் சேர்க்கும் உத்தரவை எதிர்த்து மேலே போனால், வழக்கு முடியும்வரை கடைசியாக வாங்கிய சம்பளத்தை நிர்வாகம் மாதாமாதம் தர வேண்டும், நாம் வேறு எங்கும் வேலையில் இல்லை என்று பிரமாணப் பத்திரம் கொடுத்தால் போதும்.

என்ன கிடைக்கும்? தவறான நீக்கம் என்று முடிவானால் பின்சம்பளத்தோடு (வெளியே நின்ற காலத்துச் சம்பளம்) மீண்டும் வேலை என்பதுதான் பொது விதி என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் தீபாலி குண்டு சுர்வாசே வழக்கில் சொன்னது. அதே நீதிமன்றம் தினக்கூலிகளின் வழக்குகளில், நோட்டீஸ் கொடுக்கவில்லை என்பது போன்ற குறைகளுக்கெல்லாம் வேலை தானாகத் திரும்பக் கிடைத்துவிடாது, மொத்தமாக ஒரு இழப்பீடு போதும் என்றும் சொல்லி வந்திருக்கிறது. 2014-ல் பி.எஸ்.என்.எல். எதிர் புருமல் வழக்கில் இதை விளக்கும்போதே ஒரு விலக்கு வைத்தார்கள்: நீக்கம் நேர்மையற்ற தொழில் நடைமுறையாக இருந்தால், அதாவது பழிவாங்கலாக இருந்தால், மீண்டும் வேலை தர மறுக்கக் கூடாது. ஆகவே "நோட்டீஸ் கொடுக்காமல் நிறுத்திவிட்டார்கள்" என்று மட்டும் மனுவில் எழுதினால் கொஞ்சம் பணத்தோடு முடியலாம். "மார்ச் மாதம் இந்தத் தேதியில் இதைக் கேட்டோம், ஏப்ரலில் இந்தத் தேதியில் குடோனுக்கு மாற்றினார்கள், மே மாதம் நிறுத்தினார்கள்" என்று தேதி வரிசையோடு பழிவாங்கலை நிரூபித்தால் வேலையே திரும்பக் கிடைக்க வழியிருக்கிறது. மனு எழுதுபவரிடம் இதை வற்புறுத்திச் சொல்லுங்கள்.

எது நேர்மையற்ற நடைமுறை என்பதற்குச் சட்டத்திலேயே ஒரு அட்டவணை இருக்கிறது. சங்கத்தில் சேர்ந்ததற்காக நீக்குவது, தகராறு விசாரணையில் சாட்சி சொன்னதற்காகத் தண்டிப்பது, நிர்வாகக் கொள்கை என்ற பெயரில் கெட்ட எண்ணத்தோடு இடம் மாற்றுவது, வருடக்கணக்கில் ஒருவரைத் தற்காலிகமாகவே வைத்திருப்பது, எல்லாம் அதில் வருகின்றன. தண்டனை பழைய சட்டத்தில் ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், புதியதில் சிறை இல்லை, அபராதம் 10,000 முதல் 2 லட்சம் வரை. ஆனால் வழக்குப் போட வேண்டியது அரசுத் தரப்பு, தொழிலாளி நேராகப் போட முடியாது. ஆகவே முதலாளிக்குத் தண்டனை வாங்கித் தருவதற்கு இதை நம்பாதீர்கள், நம் வழக்கில் நோக்கத்தைக் காட்ட இதைப் பயன்படுத்துங்கள்.

கடைச் சட்டம், பிரிவு 41

ஜவுளிக்கடை, நகைக்கடை, பைனான்ஸ் கம்பெனி, தனியார் அலுவலகம் போன்ற இடங்களில் இருப்பவர்களுக்கு இன்னொரு கதவு இருக்கிறது, பலருக்குத் தெரிவதே இல்லை. ஆறு மாதம் தொடர்ச்சியாக வேலை பார்த்த ஒருவரை நியாயமான காரணம் இல்லாமலும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமலும் நிறுத்தக் கூடாது என்கிறது தமிழ்நாடு கடைச் சட்டத்தின் 41-வது பிரிவு. தவறு செய்தார் என்று காட்டி நிறுத்துவதாக இருந்தால் விசாரணை நடத்தி, சாட்சியத்தோடு நிரூபித்திருக்க வேண்டும். நிறுத்தினால் தொழிலாளர் துறையின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம், அவர் நீக்க உத்தரவையே ரத்து செய்யலாம்.

லேபர் கோர்ட் வழியோடு வைத்துப் பார்த்தால் இரண்டு விஷயத்தில் இது மேல். ஆட்குறைப்புப் பாதுகாப்புக்கு அங்கே 240 நாள் வேலை பார்த்ததை நாம்தான் நிரூபிக்க வேண்டும், இங்கே ஆறு மாதம் போதும். அப்புறம் மேற்பார்வை வேலையில் இருப்பவர் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் தொழில் உறவுகள் தொகுப்பில் அவர் தொழிலாளியே இல்லை, பழைய சட்டத்தில் அந்த வரம்பு 10,000. கடைச் சட்டத்தில் சம்பள உச்சவரம்பு கிடையாது, நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் போன்ற சிலருக்குத்தான் விலக்கு. பில்லிங் சூப்பர்வைசராக 22,000 வாங்கும் ஒருவருக்கு இதுதான் பொருத்தமான கதவு.

மோசமான விஷயம், நாள் கணக்கு. நீக்க உத்தரவு கைக்கு வந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். முதலாளியிடம் இரண்டு தரம் போய்ப் பேசிப் பார்ப்போம், தீபாவளி கழியட்டும், மச்சான் ஊரிலிருந்து வரட்டும் என்று இருந்தால் கதவு மூடிவிடும். அப்புறம் ஒன்றில் தோற்றால் இன்னொன்றில் போய் முதலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றும் நினைக்காதீர்கள், ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அதிலேயே கடைசிவரை நிற்க வேண்டியிருக்கும்.

என்னைக் கேட்டால், கடை ஊழியர், கையில் எழுத்துப்பூர்வமான நீக்க உத்தரவு இருக்கிறது, 30 நாள் தாண்டவில்லை என்றால் 41. உத்தரவே தராமல் வாசலில் நிறுத்தியிருந்தாலோ நாள் தாண்டியிருந்தாலோ 2ஏ.

வாசலில் நிறுத்துவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கம் நடப்பதில் பெரும்பாலும் இதுதான். எழுத்தில் ஒன்றும் தர மாட்டார்கள், "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று வாயால் சொல்வார்கள், பிறகு லேபர் ஆபீஸில் "நாங்கள் நிறுத்தவே இல்லை சார், அவர்தான் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார்" என்பார்கள். இதற்கு மருந்து அன்றைக்கே போடும் ஒரு கடிதம். பெரிய வாசகம் வேண்டாம். "இன்று காலை 9.30 மணிக்கு வழக்கம்போல் வேலைக்கு வந்தேன். என்னை உள்ளே அனுமதிக்கவில்லை. காரணம் எழுத்தில் தரப்படவில்லை. நான் வேலை செய்யத் தயாராக இருக்கிறேன், என்னை அனுமதிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்." தேதி, கையெழுத்து, ஒரு நகல். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை நகலோடு பின் செய்து வையுங்கள். முடிந்தால் இதையே வாட்ஸ்அப்பிலும் மேலாளருக்கு அனுப்புங்கள். இந்த நாலு வரி இருந்தால் "தானாக நின்றுவிட்டார்" என்ற கதை எடுபடுவது கஷ்டம்.

மிரட்டி ராஜினாமா எழுதி வாங்கினாலும் அப்படித்தான். முடிந்தவரை கையெழுத்துப் போடாதீர்கள். கதவைச் சாத்திக்கொண்டு வாங்கிவிட்டார்கள் என்றால் வெளியே வந்த அன்றே, கட்டாயப்படுத்தி வாங்கப்பட்டது, அதைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதி அனுப்புங்கள். மூன்று மாதம் கழித்துச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

சங்கம்: முன்கூட்டியே கிடைக்கும் கவசம்

மேலே சொன்ன இரண்டுமே வேலை போன பிறகு. ஜவுளிக்கடைப் பெண்ணுக்கு இன்னும் வேலை போகவில்லை, இடமாற்ற மிரட்டல்தான். இங்கேதான் சிக்கல். இடமாற்றம், சம்பள வெட்டு, ஷிப்ட் மாற்றம், சஸ்பென்ஷன் இவற்றுக்குத் தனி ஆள் 2ஏ மனு போட முடியாது, அது நீக்கத்துக்கு மட்டும். மற்றவற்றைத் தகராறாக எழுப்ப சங்கமோ கணிசமான சக தொழிலாளர்களோ கூட நிற்க வேண்டும்.

கூட நின்றால் கிடைப்பது பெரிய விஷயம். தகராறு சமரசத்திலோ நீதிமன்றத்திலோ நிலுவையில் இருக்கும்போது, அந்தத் தகராறில் சம்பந்தப்பட்ட தொழிலாளியின் பணி நிலைமைகளை அவருக்குப் பாதகமாக மாற்றக் கூடாது. தகராறோடு தொடர்புள்ள குற்றச்சாட்டைச் சொல்லி அவரைத் தண்டிப்பதானால், விசாரிக்கும் அதிகாரியிடம் எழுத்தில் முன் அனுமதி வாங்க வேண்டும். தொடர்பில்லாத குற்றச்சாட்டு என்றாலும் ஒரு மாதச் சம்பளம் கொடுத்து, நீக்கத்துக்கு ஒப்புதல் கேட்டு மனு போட வேண்டும். இந்த ஒப்புதல் வாங்காவிட்டால் நீக்கமே செல்லாது, தொழிலாளி வேலையில் இருப்பதாகவே கருத வேண்டும் என்று 2002-ல் ஜெய்ப்பூர் ஜில்லா சககாரி வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. மீறினால் தொழிலாளி விசாரணை நடக்கும் அதே இடத்தில் புகார் கொடுக்கலாம், தனியாக முதலிலிருந்து தொடங்க வேண்டாம். பதிவு பெற்ற சங்கம் என்றால் அதன் நிர்வாகிகளில் சிலரைப் பாதுகாக்கப்பட்ட தொழிலாளர்களாக அங்கீகரிக்கக் கேட்கலாம். மொத்த ஆட்களில் ஒரு சதவீதம், குறைந்தது 5 பேர், அதிகபட்சம் 100 பேர். தகராறு நிலுவையில் இருக்கும்போது இவர்களை எந்தக் குற்றச்சாட்டுக்கும் முன் அனுமதி இல்லாமல் தொட முடியாது.

ஒரு எச்சரிக்கை. மனு கொடுத்த நிமிடத்திலேயே கவசம் மேலே வந்துவிடாது. அதிகாரி சமரசத்தைத் தொடங்க வேண்டும், புதிய தொகுப்பு முதல் கூட்டம் நடக்கும் நாளைத்தான் கணக்கில் எடுக்கிறது. மனு கொடுப்பதற்கும் அந்தக் கூட்டத்துக்கும் இடையில்தான் முதலாளிகள் அவசர அவசரமாக ஆட்களை நிறுத்துவார்கள். ஆகவே மனுவோடு நிற்காமல், முதல் கூட்டத் தேதியைச் சீக்கிரம் போடச் சொல்லி ஆபீஸுக்கு நடையாய் நடங்கள்.

சங்கம் பதிவு செய்ய 7 பேர் விண்ணப்பிக்கலாம், ஆனால் அந்த நிறுவனத்துத் தொழிலாளர்களில் பத்து சதவீதமோ 100 பேரோ, எது குறைவோ அவ்வளவு உறுப்பினர்கள் இருக்க வேண்டும். பத்து இருபது பேர் வேலை பார்க்கும் கடைக்கு ஏழு பேர் சேர்வதே மலையாகத் தெரியும், புரிகிறது. அதனால்தான் தனிச் சங்கத்தைவிட, ஏற்கெனவே மாவட்டத்தில் இருக்கும் பொதுச் சங்கத்தில் சேர்வது மேல் என்று நினைக்கிறேன். சங்கத்தின் பெயர் எந்தக் கட்சியின் பக்கம் என்பதைவிட, அவர்கள் லேபர் ஆபீஸுக்கு ஆள் அனுப்புகிறார்களா, மனு எழுதத் தெரிந்தவர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள்.

சங்கம் வைத்தாலே குற்றம் என்ற நிலை இதே தமிழ் மண்ணில் இருந்ததை மறக்கக் கூடாது. 1918-ல் சென்னையில் மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்கிய சில வருடத்திலேயே, பக்கிங்ஹாம் கர்நாட்டிக் மில் நிர்வாகம் சங்கத் தலைவர் பி.பி. வாடியா மேல் வழக்குப் போட்டு உயர் நீதிமன்றத்தில் தடை உத்தரவே வாங்கியது, தொழிலாளர்களை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார் என்று. அந்த அநியாயம்தான் 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வருவதற்கு ஒரு பெரிய காரணம், சங்க நடவடிக்கைக்காக அப்படி வழக்குப் போட முடியாத பாதுகாப்பு அதில்தான் வந்தது. புதிய தொகுப்பிலும் அந்தப் பாதுகாப்பு தொடர்கிறது.

இடமாற்ற உத்தரவு கைக்கு வந்தே விட்டது, கூட நிற்க யாரும் இல்லை என்றால் என்ன செய்வது? போகாமல் வீட்டில் உட்காராதீர்கள். உத்தரவுக்குக் கீழ்ப்படியவில்லை என்று அதையே குற்றச்சாட்டாக்கி நிறுத்துவார்கள், நீதிமன்றங்களும் பொதுவாக முதலில் போய்ச் சேர், பிறகு எதிர்த்துப் பேசு என்றுதான் சொல்லும். இது பழிவாங்கும் மாற்றம், ஆட்சேபணையோடு சேர்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுச் சேருங்கள். பிள்ளைகளை விட்டுப் போக முடியாத பெண்ணுக்கு இது எவ்வளவு கொடுமை என்று தெரிந்தேதான் சொல்கிறேன். சட்டத்தில் இந்த ஓட்டை இருக்கிறது, தனி ஆளின் பழிவாங்கல் இடமாற்றத்தையும் 2ஏ-க்குள் கொண்டுவர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வேலைநிறுத்தம்

சுருக்கமாகச் சொல்கிறேன், சின்ன இடங்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முன்பு பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும் இருந்த முன்னறிவிப்பு, இப்போது எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும் வந்துவிட்டது, 14 நாள் நோட்டீஸ் வேண்டும். பாதிப் பேர் சேர்ந்து ஒரே நாளில் கேஷுவல் லீவ் போட்டாலும் அது வேலைநிறுத்தம்தான். சட்டவிரோதமானால் தொழிலாளிக்கு 1,000 முதல் 10,000 வரை அபராதம் அல்லது ஒரு மாதம் வரை சிறை. 2024-ல் ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கும் மேல் வெளியே நின்றார்கள், அவர்கள் ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள், பின்னால் ஒரு பெரிய சங்கமும் இருந்தது. பன்னிரண்டு பேர் இருக்கும் ஒரு பலகாரக் கம்பெனியில் கோபத்தில் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்தால், மறுநாள் வேறு பன்னிரண்டு பேர் முறுக்குப் பிழிந்துகொண்டிருப்பார்கள், நம்மிடம் சட்டப்படியான காரணமும் இருக்காது.

பணம் மட்டும் போதும் என்றால்

அந்த அண்ணன் சொன்ன யோசனையைக் கேவலமாகப் பார்க்காதீர்கள். அவமானப்பட்ட இடத்துக்குத் திரும்பப் போக எல்லோருக்கும் மனம் வராது. ஆனால் போகும்போது எல்லாவற்றையும் கணக்குப் பார்த்து வாங்கிக்கொண்டு போக வேண்டும்.

ஊதியங்கள் சட்டத் தொகுப்பு 2019-ன்படி, நீக்கினாலும் நாமே விலகினாலும் பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும். தராவிட்டால் மூன்று வருடத்துக்குள் கோரிக்கை மனு போடலாம், பாக்கியோடு பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்க அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. எல்லாவற்றையும்விட, பணம் கொடுத்துவிட்டேன் என்று நிரூபிக்க வேண்டியது முதலாளி. மற்ற வழிகளில் நிரூபிக்கும் பாரம் பெரும்பாலும் நம் தலையில், இதில் அவர் தலையில். குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே கொடுத்துவந்த இடமாக இருந்தால், நீக்க வழக்கைவிட இதுவே வேகமாக வலிக்கச் செய்யும்.

ஐந்து வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடை உண்டு. கடைசிச் சம்பளத்தை 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து, வருடங்களால் பெருக்க வேண்டும். மாதம் 13,000 வாங்கியவர் 12 வருடம் இருந்தால் 90,000 ரூபாய். "ஒழுங்கீனத்துக்காக நிறுத்தினோம், கிராஜுவிட்டி கிடையாது" என்பார்கள். அது பொய். வேண்டுமென்றே சேதம் விளைவித்தது, அடிதடி, வேலையினூடே செய்த ஒழுக்கக்கேடான குற்றம் போன்ற சில காரணங்களுக்கு மட்டுமே அதைப் பிடிக்க முடியும், எதிர்த்துப் பேசியது அந்தப் பட்டியலில் இல்லை. சஸ்பென்ஷனில் வைத்திருந்தால் பிழைப்பூதியமும் சேரும், தமிழ்நாட்டின் 1981-ம் வருடச் சட்டப்படி முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம், அடுத்த 90 நாளுக்கு முக்கால், அதற்கு மேல் முழுச் சம்பளம்.

பேசி முடிப்பதானால் எங்கே உட்கார்ந்து பேசுவது என்பது முக்கியம். நம் ஊரில் இரண்டு பக்கத்துக்கும் வேண்டிய ஒரு பெரியவரை வைத்து, முதலாளி வீட்டு முகப்பில் உட்கார்ந்து முடித்துக்கொள்ளும் பழக்கம் இருக்கிறது. அந்தப் பெரியவருக்கு நல்ல மனதே இருக்கலாம். ஆனால் அங்கே வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டு, "எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பாதிப் பணத்தோடு வருகிறோம், மீதியைக் கேட்க அப்புறம் நமக்கு இடமே இல்லை. பேச்சை அவர் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், கையெழுத்தை மட்டும் சமரச அதிகாரி முன்னால் போடுங்கள். 12(3) ஒப்பந்தமாகப் பதிந்துவிட்டால் மீறினால் சட்டப்படி வசூலிக்க முடியும்.

எந்தக் கதவும் சரியாகப் பொருந்தாதவர்கள்

ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, கட்டங்களுக்குள் கலரை ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் போட்டு அழுத்தி, காய்ந்ததும் தொட்டியில் ஊறப் போடும் தொழிலாளிக்குக் கல் கணக்கில்தான் கூலி. "நீ என்ன சம்பளக்காரனா, கல்லுக்குக் காசு வாங்குற ஆள்தானே, உனக்கு ஏது லேபர் ஆபீஸ்" என்பார்கள். இதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். எண்ணிக்கைக் கூலிக்குத் தைக்கும் தையல்காரர்களும் ஊழியர்களே என்று உச்ச நீதிமன்றம் 1973-லேயே சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் வழக்கில் சொல்லிவிட்டது. கட்டுப்படுத்துவது யார், வேண்டாமென்று திருப்பி அனுப்பும் அதிகாரம் யாருக்கு, யாருடைய பட்டறை, யாருடைய கருவி என்பதைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் செய்ய வேண்டியது தினமும் எத்தனை கல் என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பது, கூலியை முடிந்தவரை ஜிபேயில் வாங்குவது. வேலை பார்த்ததற்கு அதைவிட நல்ல சாட்சி உங்களுக்குக் கிடைக்காது.

பெரிய வீடுகளைப் பார்த்துக்கொள்பவர்களின் நிலைமைதான் மோசம். முதலாளி சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார், ஆயிரம் ஜன்னல் வீட்டுக்கும் பத்துக்கட்டு வீட்டுக்கும் காவல் இருந்து, கூட்டிப் பெருக்கி, கல்யாணத்துக்கும் சாந்திக்கும் திறந்து வைப்பவர் ஒரே ஒரு குடும்பம். வீட்டு வேலை என்பதைத் தொழில் என்ற வரையறையிலிருந்தே புதிய தொகுப்பு வெளிப்படையாக விலக்கிவிட்டது. சம்பள உயர்வு கேட்டார் என்று நிறுத்தினால் இவருக்கு 2ஏ இல்லை, 41 இல்லை. கேட்ட மறுவாரமே ஒரு வெண்கலப் பானையைக் காணவில்லை, ஒரு பர்மா தேக்குப் பலகையைக் காணவில்லை என்று போலீஸில் புகார் வருவதும் உண்டு.

இவருக்கு இருக்கும் வழிகள் இரண்டு மூன்றுதான். வீட்டு வேலைக்கும் தமிழ்நாட்டில் குறைந்தபட்ச ஊதியம் அறிவிக்கப்பட்டிருக்கிறது, ஆகவே பாக்கிக் கூலிக்கு மனு போடலாம். வீட்டுப் பணியாளர் நல வாரியத்தில் பதிவு செய்துகொண்டால், இவர் இன்ன வேலை செய்கிறார் என்பதற்கு அரசாங்கத்தின் காகிதம் ஒன்று கையில் இருக்கும். அந்த வீட்டையே ஹோட்டலாகவோ தங்கும் விடுதியாகவோ ஷூட்டிங்குக்கு வாடகைக்கோ விடுகிறார்கள் என்றால் கதை மாறிவிடும். அங்கே நடப்பது வியாபாரம், அதில் வேலை பார்ப்பவர் வீட்டு வேலைக்காரர் இல்லை என்று வாதாட நல்ல இடமிருக்கிறது. ஷூட்டிங் நடந்த தேதிகள், விருந்தினர் வந்த நாட்கள், யார் போன் செய்து என்ன வேலை சொன்னார்கள் என்பதையெல்லாம் இவர்கள் இப்போதிருந்தே குறித்து வைக்க வேண்டும், திருட்டுப் புகார் வந்தால் அது தான் மனு கொடுத்த தேதிக்கு முன்பா பின்பா என்று காட்டவும் அதே நோட்டுதான் உதவும்.